ஏழாம் வகைச் சத்தம்

கடலுக்கடியில் அறுபத்திரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காது கிடக்கிறது என்று வெளியூரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். கீழத்துறைமேட்டில் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தக் காதிடம் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளாத படகு அந்த ஊரில் கிடையாது.

நடுக்கடல் மேடையிலிருந்து எரிவாயுவைக் கரைக்குக் கொண்டுவரும் குழாய் அது. அதன் முதுகை ஒட்டியே சுண்டுவிரல் பருமனில் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் ஓடுகிறது. நங்கூரம் உரசினாலும், அடிமணல் அரித்துப்போய்க் குழாய் அந்தரத்தில் தொங்கினாலும், மேலே போகிற படகு இன்ஜினை நிறுத்தினாலும் அந்த இழை அதிரும். என்ன சத்தம், எந்த இடத்தில் என்று கரையிலிருக்கும் இயந்திரம் பிரித்துச் சொல்லிவிடும். இயந்திரத்துக்குச் 'செவி' என்று பெயர். தலைமை அலுவலகத்தில் தமிழ்ப்பற்று உள்ளவர் யாரோ வைத்திருக்க வேண்டும்.

குழாய்க்கு இரண்டு பக்கமும் ஐந்நூறு மீட்டருக்கு மஞ்சள் மிதவை போட்டிருந்தார்கள். அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது. செவிக்குச் சந்தேகம் தட்டினால் போதும், ஆளில்லா ரோந்துப் படகு தானாகக் கிளம்பும். இருபது நிமிடத்தில் ஆளுக்கு முன்னால் போய் நிற்கும். படம் எடுக்கும், ஒலிபெருக்கியில் அதட்டும், படகின் எண்ணை மேலிடத்துக்கு அனுப்பும். பிறகு மூன்று மாதம் அந்தப் படகு மணலில்தான் கிடக்க வேண்டும்.

அமுதவல்லி அந்தக் கம்பெனியில் இன்ஜினியர். குழாயில் எங்கே துரு ஏறுகிறது, எங்கே தடிமன் குறைகிறது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பதும் செவியைக் கவனித்துக்கொள்வதும் அவள் வேலை. ஊரில் அவளைக் குழாய் டாக்டர் என்பார்கள். பெருமையாகச் சொல்வார்களா, கிண்டலாகச் சொல்வார்களா என்பது அந்த வாரம் எத்தனை படகு மாட்டியது என்பதைப் பொறுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் செவி ஒரு நாளைக்கு நாற்பது தடவை அலறிக்கொண்டிருந்தது. அமுதவல்லியின் மேலதிகாரி எஸ்ரா தூத்துக்குடிக்காரர். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அவர் ஒரு நாள் அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"நாப்பது தடவ சும்மா மணி அடிச்சா, நாப்பத்தோராவது தடவ எவனும் எந்திரிச்சுப் பாக்க மாட்டாம்மா. நான் முன்ன வேலை பாத்த இடத்துல அப்படித்தான் ஆச்சு. நங்கூரம் இழுத்துட்டுப் போயி குழாய் கிழிஞ்சுது. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வழக்கமா அடிக்கதுதானேன்னு விட்டுட்டாங்க. ஆறு பேரு தண்ணிக்கு மேலயே எரிஞ்சு போனாங்க. எது ஆபத்தில்லாத சத்தம்னு இதுக்குச் சொல்லிக் குடு. அதுக்கு உன்னை விட்டா இங்க ஆளில்ல."

நான்கு மாதம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் செவிக்குப் பாடம் நடத்தினாள். மழை, அலை, தூரத்துக் கப்பல், மீன் கூட்டம், ஓங்கில் என்கிற டால்பின், சொந்தப் பம்புகளின் இரைச்சல் என்று ஆறு வகைச் சத்தங்களைப் பிரித்து, இவற்றைக் கேட்டால் பேசாமல் இரு என்று கற்றுக்கொடுத்தாள். ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தாள். கீழத்துறைமேட்டுக்காரர்கள் வலையை வளைத்து விட்டபின் படகின் விளிம்பில் கழியால் தட்டித் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவார்கள். அந்தத் தட்டுதான் ஏழாம் வகை. மரக்கழியால் படகைத் தட்டுவதால் குழாய்க்கு ஒரு கீறலும் விழாது என்று காரணம் எழுதினாள். அது உண்மையும்கூட. எஸ்ரா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அலறல் நாளுக்கு மூன்றாகக் குறைந்தது. அமுதவல்லிக்கு அந்த வருடம் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

அவள் எழுதாத காரணம் ஒன்று இருந்தது. அந்த மாதம் அவள் அண்ணன் வீரபுத்திரன் இரண்டாவது முறையாக மாட்டி, படகை மணலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். அம்மா அப்பா போனபின் அவளை ஆளாக்கியவன் அவன். அவளுக்கு வேலை கிடைத்த முதல் நாள் அலுவலகம் முழுவதற்கும் என்று ஒரு அன்னக்கூடை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து, உள்ளே விடாததால் காவல்காரர்களிடமே கொடுத்துவிட்டுப் போனவன். மாட்டியதற்குக்கூட அவன் அவளைக் கோபிக்கவில்லை. "ஒன் கொழாய்க்குக் கூர்மையான காது பாப்பா. நாலு தட்டு தட்டுறதுக்குள்ள வந்து நிக்கிறானுவோ" என்று சிரித்தான். சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏழாம் வகையைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஊரே குழாய் மேல் போய் வலை விரிக்கும், பின்னாலேயே நங்கூரமும் போடும், அப்புறம் நிஜமான ஆபத்து வரும். அவள் வேலையும் போகும். அண்ணனிடம் மட்டுமாவது சொல்லலாமா என்று ஒரு தடவை யோசித்தாள். அவன் வாய் சும்மா இருக்காது என்று விட்டுவிட்டாள். அவனோ, தங்கச்சி வேலை பார்க்கிற இடத்தில் தன்னால் பெயர் கெடக் கூடாது என்று அதற்குப் பிறகு மஞ்சள் மிதவை கண்ணில் படுகிற தூரத்துக்குக்கூடப் போகவில்லை. மற்றவர்கள் அவ்வப்போது மீன் பின்னாலேயே மிதவையைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரோந்து வராவிட்டால் மாரியம்மன் கண்ணைக் கட்டிவிட்டாள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அண்ணன், தங்கை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டிருந்தார்கள். சொல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வீரபுத்திரன் தனியாகக் கடலுக்குப் போனான். கூடப் போகிற இடும்பனுக்குக் காய்ச்சல். மத்தியானம் காற்று திரும்பியது. சாயங்காலம் ஆகியும் படகு வரவில்லை. மறுநாள் காலை முப்பது படகு தேடக் கிளம்பியது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஊர்ப் பெரியவர்கள் நேராக அமுதவல்லியிடம் வந்தார்கள்.

"கொழாய்ப் பக்கம் ஏதாச்சும் சத்தம் கேட்டுதாம்மா?"

அவள் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்கப் பச்சை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. திரும்பி ஓடிவந்து சொன்னாள்.

"எதுவும் இல்ல. அங்க ஒருத்தர் இருந்தா செவிக்குத் தெரியாமப் போகாது. அந்தப் பக்கம் போய் நேரத்த வீணாக்காதீங்க. வடக்க பாருங்க."

வடக்கே பார்த்தார்கள். கிழக்கே பார்த்தார்கள். மூன்று நாள் பார்த்தார்கள். ஆளும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. படகு கிடைக்காததே ஒரு நம்பிக்கையாக வளர்ந்தது. இன்ஜின் நின்றுபோய், காற்று தள்ளி, எல்லை தாண்டியிருப்பான். அக்கரையில் பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். வீரபுத்திரனின் மனைவி தில்லை அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குளித்து, பெரிதாகப் பொட்டு வைத்து, கணவனின் போட்டோவை எடுத்துக்கொண்டு மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். திரும்பி வந்து, "பேரு கேட்டு எழுதிக்கிட்டாங்க பாப்பா. அங்க செயில்ல இருக்குறவங்க பட்டியல் வந்தோன சொல்றேன்னாங்க" என்பாள். அமுதவல்லியும் தலையாட்டுவாள். அவளும் நம்பினாள்.

செவி கேட்டதையெல்லாம் முப்பது நாள் வைத்திருந்து அழித்துவிடும். அழிப்பதற்கு முன்னால், பேசாமல் விட்ட சத்தங்களில் நூற்றுக்கு ஒன்றை எடுத்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மாதாமாதம் எஸ்ராவும் அமுதவல்லியும் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுகிற சாதாரண வேலை. அண்ணன் போன இருபத்தேழாம் நாள் அந்த வேலை வந்தது.

"மழை, சரி. கப்பல், சரி. கப்பல். ஓங்கில்." எஸ்ரா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. "இது என்னம்மா? ஏழாம் வகை. நாலு மணி நாப்பது நிமிசம். எவன் அஞ்சு மணி நேரமா மீன் வெரட்டுனான்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அமுதவல்லி தேதியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு பத்துக்கு ஆரம்பம். மாலை ஆறு ஐம்பதுக்கு முடிவு. இடம், கரையிலிருந்து பதினோராவது கிலோமீட்டர், மிதவைக்கு உள்ளே.

"சார், அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?"

எஸ்ரா அவள் முகத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் பின்னால் தள்ளிவைத்தார். ஒரு இன்ஜின் சத்தம் வந்தது. நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பை விழுங்குகிற இன்ஜின். அதை மாற்றச் சொல்லி இரண்டு வருடமாக அவள் அண்ணனிடம் சண்டை போட்டிருக்கிறாள். பிறகு கனமாக ஏதோ தண்ணீரில் விழுந்து புரளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தட்டு.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் தட்டு சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எஸ்ரா அவசரமாக நிறுத்தினார்.

"கவுந்த படகு மேல உக்காந்துக்கிட்டுத் தட்டியிருக்கார் சார்" என்றாள். "உதவி கேட்டுத் தட்டியிருக்கார். செவிக்கு வித்தியாசம் தெரியல. தட்டுற சத்தம்னா எல்லாம் ஒண்ணுன்னு ஏழுல போட்டுருச்சு. நான் பச்சையப் பாத்துட்டு அங்க போகாதீங்கன்னு சொன்னேன் சார். என் வாயாலயே சொன்னேன்."

அவள் அழுது முடிக்கட்டும் என்று எஸ்ரா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஏழாம் வகை," என்று மெதுவாக ஆரம்பித்தார். "அத ஊருக்காகத்தானே சேத்த?"

"தெரியுமா சார்?"

"தெரியும்னே வச்சுக்க. எனக்கும் எண்ணிக்கை குறைய வேண்டியிருந்துச்சு. கேள்வி கேக்காமக் கையெழுத்துப் போட்டேன். உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப ரெண்டு வழி இருக்கு. பேசாம இருந்தா மூணு நாள்ல இது தானா அழிஞ்சு போயிரும். சொன்னா, விசாரணை வரும். ஏழாம் வகைய எடுத்துருவாங்க. பழையபடி தட்டுனவனையெல்லாம் ரோந்து புடிக்கும். உன் ஊரு உன்னை மன்னிக்காது. எதச் செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். முதல்ல உன் அண்ணிகிட்டக் கேளு. அந்தச் சத்தம் அவங்களுக்குச் சொந்தம்."

"இத வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதே சார்."

"நான் டீ குடிச்சிட்டு வாரேன். பத்து நிமிசம் ஆகும்" என்று எஸ்ரா எழுந்து போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. அமுதவல்லி அந்தப் பதிவோடு அண்ணி வீட்டுக்குப் போனபோது தில்லை மனு கொடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். புடவை கட்டி, பொட்டு வைத்து, போட்டோவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும், "நீயும் வர்றியா பாப்பா? படிச்ச புள்ள கூட இருந்தா கொஞ்சம் மருவாதியா பதில் சொல்லுவானுவோ" என்றாள்.

அமுதவல்லி கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, அண்ணன் அக்கரைக்குப் போகல."

தில்லையின் கை உறைக்குள்ளேயே நின்றது.

"எங்க இருக்காரு?"

"குழாய்ப் பக்கம் இருந்திருக்கார். படகு கவுந்துருக்கு. எங்க மிஷினு எல்லாத்தையும் கேட்டுச்சு. ஆனா அதுக்குப் புரியல. உதவி கேட்டு அஞ்சு மணி நேரம் தட்டியிருக்கார் அண்ணி. மீன் வெரட்டுறாங்கன்னு நெனச்சு மிஷினு விட்டுருச்சு."

தில்லை கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று அவள் பயந்திருந்தாள். தில்லை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ வலையைச் சுமந்துகொண்டே செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு தெருமுனை தாண்டியதும் தில்லை தலையை நிமிர்த்தினாள்.

"கேக்க முடியுமா?"

"வேணாம் அண்ணி."

"கேக்க முடியுமான்னுதான் கேட்டேன்."

அமுதவல்லி மடிக்கணினியைத் திறந்து, அண்ணியின் காதில் ஹெட்போனை மாட்டி, இன்னொரு ஜோடியைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். தட்டு ஆரம்பித்தது. மெல்லத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து, படபடவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி மெல்லத் தொடங்கியது. தில்லை தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டு நிமிடம் போயிருக்கும், அவள் புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது ஒதவி கேக்குற தட்டு இல்லியே."

"என்ன அண்ணி?"

"ஆபத்துன்னா மூணு தட்டிட்டு நிறுத்துவாங்க. மறுவடி மூணு. எட்டிக் கெடக்குற படகுக்காரனுக்கு அதான் அடையாளம். ஒனக்கு எப்புடித் தெரியும், நீ ஆஸ்டல்ல வளந்த. எங்க ஊரு காயக்கரை. கல்யாணம் ஆவுற வரைக்கும் அப்பாரு படகுல நாந்தான் தட்டுவேன். இது மீன் வெரட்டுற தட்டுதான். மெல்ல எடுத்து, ஓடவிட்டு, வலை சுருங்குறப்ப வேகமா. சுத்தமான தட்டு. ஒன் மிஷினு சரியாத்தான் சொல்லியிருக்கு."

"கவுந்த படகுல உக்காந்துக்கிட்டு எதுக்கு அண்ணி மீன் வெரட்டணும்?"

"அதான் எனக்கும் புரியல. தள்ளிப் போடு, பாப்போம்."

அமுதவல்லி தள்ளிப் போட்டாள். பத்து நிமிடம் தட்டு. பிறகு அமைதி. மறுபடி பத்து நிமிடம் தட்டு. மறுபடி அமைதி. திரையில் அது வரிசையாக மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது.

"ஊடால ஊடால நிக்கிது பாரு, எவ்வளவு நேரம் நிக்கிது?" என்று தில்லை கேட்டாள்.

கை சோர்ந்து ஓய்வு எடுத்திருப்பான் என்றுதான் அமுதவல்லி நினைத்திருந்தாள். இப்போதுதான் அளந்து பார்த்தாள். முதல் இடைவெளி இருபது நிமிடம். இரண்டாவதும் இருபது. மூன்றாவதும் அதே இருபது. சோர்ந்தவன் கணக்காக ஓய்வெடுக்க மாட்டான். "இருபது நிமிசம்" என்று சொன்னபோதே அவளுக்குள் ஏதோ வழுக்கியது. அதைப் பிடிப்பதற்குள் தில்லை பிடித்துவிட்டாள்.

"அவனுவோளக் கூப்புட்டுருக்காரு" என்றாள் தில்லை. முகத்தில் ஒரு நொடி பெருமைகூட வந்தது. "ஆத்தாடி, என்னா மூளை பாரு அந்த மனுசனுக்கு! காத்துல கத்துனாக் கேக்காது. தூரத்துல ஒரு படகு கெடையாது. காத்து திரும்புனோன கஷ்டப்பட்டுக் கொழாய்ப் பக்கம் ஒதுங்கி வந்து, புடிச்சுட்டுப் போங்கடான்னு தட்டியிருக்காரு. ரெண்டு தடவ புடிச்சானுவோள்ல? தட்டுனா இருவது நிமிசத்துல வந்து நிப்பானுவோன்னு அவருக்குத் தெரியும். கையில வாட்ச்சு கட்டியிருந்தாரு. தட்டிட்டு இருவது நிமிசம் பாக்குறாரு. வரலன்னோன மறுவடி தட்டுறாரு."

பெருமை வடிந்தது. அவள் அமுதவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் வரல பாப்பா?"

மிஷினுக்குப் புரியவில்லை என்று சொல்வதற்குத்தான் அமுதவல்லி வந்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த வாசலை மிதித்திருந்தாள். மிஷினுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. அவள் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. எஸ்ராவைச் சொல்லலாம், கம்பெனியைச் சொல்லலாம், ரோந்துப் படகு பழுது என்றுகூடச் சொல்லலாம். தில்லை நம்புவாள். அந்த வீட்டில் அமுதவல்லி சொன்னதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

"நான்தான் அண்ணி வர வேணாம்னு சொல்லி வச்சேன்."

தில்லைக்குப் புரியவில்லை.

"அண்ணன் ரெண்டாவது தடவ மாட்டி வீட்டுல உக்காந்திருந்தார்ல, அப்ப. இந்தத் தட்டக் கேட்டா கண்டுக்காதேன்னு மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தேன். நம்ம ஆளுங்க மாட்டக் கூடாதுன்னு. மூணு வருசமா தட்டுனா ரோந்து வராது. யாருக்கும் தெரியாது. நான் யாருட்டயும் சொல்லல."

"அவருக்கும் தெரியாதா?"

"தெரியாது அண்ணி."

அமுதவல்லி அடிக்குக் காத்திருந்தாள். ஒரு அடி விழுந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தில்லை அவளைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனை எடுத்து மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.

"மொதல்லேருந்து போடு. தள்ளாம."

"நாலு மணி நாப்பது நிமிசம் அண்ணி."

"அன்னைக்கு யாரும் கேக்கல. ஒருத்தியாச்சும் முழுசா கேக்கட்டும்."

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். தில்லை சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "மனு குடுக்கப் போவலியா?" என்று கேட்டபோது அமுதவல்லி எழுந்துபோய், இல்லை என்று சொல்லி அனுப்பினாள். இடைவெளி வரும்போதெல்லாம் தில்லையின் உதடு அசைந்தது. எண்ணுகிறாளா, வேண்டிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு தட்டின் வேகம் குறைந்தது. ஏழாவது சுற்றில் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே தட்டு நாலைந்து தடவை நின்று நின்று வந்தது. எட்டாவதில் கழி நழுவிப்போயிருக்க வேண்டும். வெறும் கையால் தட்டுகிற மந்தமான சத்தம் வந்தது. அப்போதும் மெல்ல எடுத்து, ஓடவிட்டு, அதே தட்டுதான். ஒரு தடவைகூட அவன் மூன்று தட்டி நிறுத்தவில்லை. வருவார்கள் என்று அவ்வளவு நம்பியிருக்கிறான்.

பத்தாவது சுற்று முடிந்து இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு தட்டு வரவில்லை. மழை பிடித்தது. மழை கடல் முழுக்க விழுகிற சத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தில்லை ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, அமுதவல்லியின் மடியில் வைத்தாள்.

"ஊருக்குச் சொல்லாட்டிப் போவுது" என்றாள். "அவர்ட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

அமுதவல்லி மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் போய் எஸ்ராவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவரும் தன் பங்கை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். மறுநாளே ஏழாம் வகையை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அவள் அதே நாற்காலியில் உட்காரலாம் என்றார்கள், செவியைப் பழக்கியவர் வேறு யாரும் இல்லாததால். செய்தி ஊருக்குப் போயிற்று. பால்காரர் அவள் வீட்டு வாசலில் நிற்பதை விட்டார். தில்லை பொட்டு வைப்பதை விட்டாள். திங்கட்கிழமைகளில் எங்கும் போகவில்லை. அமுதவல்லியிடம் அவள் சண்டையும் போடவில்லை, பேசவும் இல்லை.

ஏழாம் வகையை எடுத்த எட்டாம் நாள் காலை பதினொன்று இருபதுக்குச் செவி அலறியது. ஒன்பதாவது கிலோமீட்டர், மிதவைக்கு உள்ளே, மீன் விரட்டும் தட்டு. ரோந்துப் படகு கிளம்பியது. அமுதவல்லி திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேமராவில் படகு தெரிந்தது. நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இடும்பன், கையில் கழி. கூட இன்னொருவன். இடும்பன் கேமராவைப் பார்த்ததும் கழியைத் தூக்கி எறிந்துவிட்டு, அவள் பெயரைச் சொல்லி, அவள் பிறப்பைச் சொல்லி, அண்ணனைத் தின்றவளே என்று சொல்லித் தொண்டை கிழியத் திட்டினான். ஒலிபெருக்கி விலகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார். அவள் அவர் கையைத் தடுத்தாள்.

படகின் எண்ணை உறுதி செய்யும் பொத்தானை அவள்தான் அழுத்த வேண்டும். அழுத்தினாள். மூன்று மாதம். பிறகு, போய்ச் சேர்ந்த நேரம் என்று கேட்டிருந்த கட்டத்தில் பதினொன்று முப்பத்தொன்பது என்று எழுதினாள். கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் விரல் விட்டு எண்ணினாள்.

பத்தொன்பது நிமிடம்.